படியேறும் பக்குவம்

ஒரு படியிலே ஒருவன் வென்றான் என்பதும், அடுத்த படியிலே நிற்பதற்கு அவன் ஆயத்தமாயினான் என்பதும் ஒன்றல்ல. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டு மயங்கினோர் பலர். வகுப்பேற்றஞ் செய்யும் ஆசிரியர்க்கும், பதவியுயர்வு அளிக்கும் மேலதிகாரிக்கும், மகனைத் தொழிலில் இறக்கும் தந்தைக்கும் இவ்வேறுபாட்டுணர்ச்சி பெரிதும் வேண்டற்பாலது. இதனை ஆழ்ந்து ஆராய்ந்து, அளவைகளும் வகுத்து, வெற்றி தோல்விகளை யாவருங் காணக் கணக்கெழுதி வைத்த துறையொன்று உண்டு. அஃது அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பேஸ்போல் விளையாட்டு. அந்நாட்டார் தம் இளவீரரைக் கீழ்ப்படியினின்றும் மேற்படிக்கு ஏற்றும் முறையினை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

கிரிக்கெட்டிற் பழகிய நம் வாசகர்க்குப் பேஸ்போலை விளக்குதல் அரிதன்று. பந்து வீச்சாளன் பந்தை நிலத்திற் படாது வீசுவான். துடுப்பாட்டக்காரன் உருண்ட கழியால் அதனை அடித்து, நான்கு தளங்களையுஞ் சுற்றிவந்து ஓட்டம் பெற முயல்வான். அடிக்கத்தக்க பந்தை மூன்று முறை தவறவிட்டால் அவன் ஆட்டமிழப்பான். அடிக்கத்தகாத பந்துகள் நான்கினை இனங்கண்டு தொடாது விட்டால், முதலாந் தளத்துக்கு இலவசமாக நடந்து செல்லும் உரிமை பெறுவான். இவ்விரு விதிகளையும் வாசகர் மனத்திற் கொள்க, பின்னர் வேண்டப்படும்.

மேஜர் லீக் என்னும் தலையாய அரங்கிலே 30 கழகங்கள் உள. ஒவ்வொரு கழகத்தின் கீழும் மைனர் லீக் அணிகள் படிப்படியாக அமைந்துள்ளன. 2021ஆம் ஆண்டிற் செய்யப்பட்ட சீரமைப்பின்படி கழகமொன்றுக்கு நான்கு அணிகளாக, 120 அணிகள் இவ்வேணியில் நிற்கின்றன. கீழிருந்து மேலாக அப்படிகள் சிங்கிள்-ஏ, ஹை-ஏ, டபிள்-ஏ, டிரிப்பிள்-ஏ எனப் பெயர் பெறும். இவற்றின் கீழே, புதிதாகச் சேர்ந்தோர் பயிலும் தொடக்க லீக்குகளும் உள. கழகமொன்று தன் வீரரைத் தானே வளர்த்தெடுக்கும் இம்முறையை 1920களில் செயின்ற் லூயிஸ் கார்டினல்ஸ் கழகத்திலே நிலைநாட்டியவர் பிராஞ்ச் றிக்கி என்பவர். இதனைப் ‘பண்ணை முறை’ என்றே அந்நாட்டார் வழங்குவர். பெயர் பொருத்தமானதே. மேடையில் வளர்ந்த கன்றைப் பிடுங்கி நடுதற்கு ஒரு பதம் உண்டு. முந்திப் பிடுங்கினால் வெயிலிற் கருகும். பிந்தினால் வேர் பின்னி வளர்ச்சி குன்றும். பண்ணையாளனின் திறமெல்லாம் அப்பதத்தை அறிதலிலே அடங்கும்.

பதத்தை எங்ஙனம் அறிவது? இதற்கு இருவகைக் கண்கள் வேண்டப்படும். ஒன்று நேரிற் காணுங் கண். மற்றது கணக்கை ஆராயுங் கண்.

நேரிற் காண்போர், ஊரூராகச் சென்று இளைஞரை ஆய்ந்து அறிக்கை வரையும் தேர்வாளர். அவர் துடுப்பாட்டக்காரனிடத்து ஐந்து ஆற்றல்களை நோக்குவர். பந்தைப் பிழையாது அடித்தல், நெடுந்தூரம் அடிக்கும் வலிமை, ஓட்டம், எறியுங் கையின் வலிமை, பந்து தடுத்தல் என்பன அவை. பந்து வீச்சாளனிடத்து வேகம், பந்தின் வளைவு, நினைத்த இடத்தில் வீசும் கட்டுப்பாடு என்பவற்றை ஆராய்வர். ஒவ்வொன்றுக்கும் 20 முதல் 80 வரை புள்ளியிடுவர். 50 என்பது மேஜர் லீக் வீரனின் சராசரி நிலை. சிறப்பு யாதெனில், ஒரே ஆற்றலுக்கு இரண்டு புள்ளிகள் இடுவர்; ஒன்று இன்றைய நிலைக்கு, மற்றது முதிர்ந்தபின் அடையக்கூடிய நிலைக்கு. பத்தொன்பது வயதினன் ஒருவனின் அடிவலிமை இன்று 40 ஆகவும் நாளை 60 ஆகவும் குறிக்கப்படலாம். இன்று உள்ளதையும் நாளை வரக்கூடியதையும் ஒன்றோடொன்று குழப்பாது தனித்தனி எழுதும் இவ்வழக்கம் எத்துறையினரும் மேற்கொள்ளத்தக்கது.

இனிக் கணக்கு. கணக்குப் பொய் சொல்லாது என்பர். ஆயின் கேட்கத் தெரியாதவனுக்கு அது மெய்யுஞ் சொல்லாது. ஆயிரந் தடவை அடிக்க முனைந்து 320 நல்லடி பெற்றான் ஒருவன் எனக் கொள்வோம். அவன் மேலேறத் தக்கவனா? முதலில் அவன் வயதைக் கேட்க வேண்டும். டபிள்-ஏ படியிலே பத்தொன்பது வயதினன் நடுத்தரமாக ஆடினும், அது தன்னினும் மூத்தோரோடு பொருது பெற்ற பேறு. இருபத்தைந்து வயதினன் அங்கு மிகச் சிறப்பாக ஆடுதல், தேர்ந்த வகுப்பிலே மறுபடியும் இருந்து முதலிடம் பெறுவதை ஒக்கும். அடுத்து, ஆடிய இடத்தைக் கேட்க வேண்டும். டிரிப்பிள்-ஏ நகரங்களுள் ஒன்றாகிய ஆல்புகேர்க்கி கடல் மட்டத்தினின்று ஏறக்குறைய 5,000 அடி உயரத்தில் உள்ளது. அங்கே காற்றின் அடர்த்தி குறைவாதலால் அடித்த பந்து நெடுந்தூரம் பறக்கும். வீசிய பந்தோ நன்கு வளையாது. ஆங்குப் பெற்ற ஓட்டங்களைச் சமவெளியிற் பெற்ற ஓட்டங்களோடு நிகராக வைத்தல் நடுநிலையாகாது. மைனர் லீக் கணக்கைப் படிக்கும் இடத்துக்கும் ஏற்பத் திருத்தி, மேஜர் லீக்கில் அஃது எவ்வளவு பெறும் என மதிப்பிடும் முறையொன்றை 1985இல் பில் ஜேம்ஸ் என்னும் ஆய்வாளர் வெளியிட்டார். ஒழுங்காகத் திருத்தி வாசித்தால் கீழ்ப்படிக் கணக்கும் பயனுள்ள சான்றே என்பது அதனாற் புலனாயிற்று.

மூன்றாவது கேள்வியே தலையாயது: அவன் எவ்வாறு வென்றான்? முன்னர்க் கூறிய இரு விதிகளும் ஈண்டு உதவும். எத்தனை முறை பந்தைத் தவறவிட்டு ஆட்டமிழந்தான், எத்தனை முறை தகாத பந்தை விலக்கி நடந்தான் என்பவற்றை ஒப்புநோக்கின், அவன் கண்ணின் பக்குவம் விளங்கும். கீழ்ப்படியிலே வேகப்பந்து ஒன்றையே நம்பும் வீச்சாளர் பலர். அவர்தம் பிழைகளை அடித்தே பெரும் புள்ளி குவிக்கலாம். டபிள்-ஏ படியிலோ வளைபந்தையும் மாற்றுவேகப் பந்தையும் விரும்பிய இடத்தில் வீசவல்லார் எதிர்ப்படுவர். எதிரியின் பிழையால் வாழ்ந்தவன் ஆங்கு வெளிப்பட்டுவிடுவான்; தன் திறத்தால் வாழ்ந்தவன் நிலைபெறுவான். இதனாலேயே அப்படியைப் பலரும் உண்மையான தேர்வுக்களம் என்பர்.

கூடைப்பந்தாட்டத்தில் ஒப்பற்ற புகழ் பெற்ற மைக்கேல் ஜோர்டன் 1994இல் பேஸ்போலுக்கு வந்து, கீழ்ப்படிகளை மிதியாமல் நேரே டபிள்-ஏ அணியாகிய பர்மிங்காம் பேரன்ஸில் ஆடினார். உடல்வலியும் உழைப்பும் அவரிடங் குறைவில்லை. 30 தளங்களைத் திருடியோடினார். ஆயினும் 127 ஆட்டங்களில் 114 முறை பந்தைத் தவறவிட்டு ஆட்டமிழந்தார். ஆயிரத்துக்கு 202 என்ற அளவிலேயே நல்லடி பெற்றார். ஒரு துறையில் முடிசூடியவர்க்கும் மறுதுறையின் படிகள் குறைவதில்லை.

உரிய காலத்துக்கு முன் ஏற்றுதலின் தீங்குக்கு டேவிட் கிளைட் என்பவரின் வரலாறு சான்று. 1973ஆம் ஆண்டு யூன் மாதத்தில், உயர்பள்ளியை விட்டு வந்த அவ்வீச்சாளரை டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் கழகம் நாட்டின் முதற்றேர்வாக எடுத்தது. கழகத்துக்கு அப்போது பார்வையாளர் வேண்டியிருந்தனர். ஒரு நாளேனும் மைனர் லீக்கில் ஆடாமல், அம்மாதம் 27ஆந் தேதி, பதினெட்டு வயதிலே அவர் மேஜர் லீக்கில் வீசினார். அரங்கு நிரம்பி வழிந்தது, ஆட்டமும் வென்றது. அவ்வெற்றியே அவர்க்குத் தீங்காயிற்று. கூட்டஞ் சேர்க்கும் பிள்ளையைக் கீழே அனுப்ப உரிமையாளர்க்கு மனம் வரவில்லை. தோள் நோவும் தோல்விகளும் தொடர்ந்தன. 18 வெற்றியும் 33 தோல்வியுமாக, இருபத்துநான்கு வயதில், 1979இல் அவரது மேஜர் லீக் வாழ்வு முடிந்தது. அவரை ஏற்றியோர் அவரது பக்குவத்தை நோக்கினாரல்லர்; தம் தேவையை நோக்கினர்.

பிந்தி ஏற்றுதலும் பெரும்பாலும் அத்தன்மைத்தே. ஒரு வீரன் மேஜர் லீக்கில் ஆறு ஆண்டுச் சேவை முடித்த பின்னரே விரும்பிய கழகத்தைத் தெரியும் உரிமை பெறுவான். ஓர் ஆண்டுச் சேவைக்கு 172 நாள்கள் வேண்டும். 2014இல் மைனர் லீக்கில் 43 நெட்டடிகள் அடித்த கிறிஸ் பிறையன்ற் என்பவரைச் சிக்காகோ கப்ஸ் கழகம் அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் மேலேற்றாது, ஏப்பிரல் 17ஆந் தேதியே அழைத்தது. அவ்வாண்டு அவர் சேர்த்தது 171 நாள். ஒரு நாட்குறையால் உரிமை ஓராண்டு பிந்திற்று. அவ்வாண்டிலேயே சிறந்த புதுவீரர் விருதையும் அவர் பெற்றார். அவர் தொடுத்த முறைப்பாடு 2020இல் நடுவராற் தள்ளப்பட்டது. பின்பு 2022ஆம் ஆண்டு உடன்படிக்கையில், சிறந்த இளவீரரைத் தொடக்கத்திலேயே ஏற்றும் கழகத்துக்கு ஊக்கமளிக்கும் விதியொன்று சேர்க்கப்பட்டது.

கீழே காத்திருப்போர் நிலையையும் நினைத்தல் வேண்டும். 2023இல் வீரர் சங்கம் முதன்முதல் செய்த மைனர் லீக் உடன்படிக்கைக்கு முன்னர், டிரிப்பிள்-ஏ வீரனின் ஆண்டுக் குறைந்த ஊதியம் 17,500 டொலர். உடன்படிக்கையால் அது 35,800 ஆயிற்று. மேஜர் லீக்கின் குறைந்த ஊதியமோ அவ்வாண்டில் 7,20,000 டொலர். ஒரு படியின் இடைவெளி இத்துணை. ஆகவே, ஒருவனைத் தாமதிக்கச் செய்வோர், அத்தாமதம் அவனுக்காகவா தமக்காகவா என்று தம் நெஞ்சைக் கேட்கக் கடமைப்பட்டோராவர்.

பக்குவம் என்பது தோல்வியே வாராத நிலையென்று எண்ணுதலும் தவறு. 1951இல் வில்லி மேய்ஸ் மினியாபொலிஸ் அணிக்கு 35 ஆட்டங்கள் ஆடி ஆயிரத்துக்கு 477 என்னும் அளவில் நல்லடி பெற்றார். நியூயோர்க் ஜயன்ற்ஸ் கழகத்துக்கு அழைக்கப்பட்டபோதோ, முதற் பன்னிரண்டு முயற்சிகளிலும் ஒன்றேனும் பலிக்கவில்லை. பயிற்றுநர் லியோ டுரோச்சர் அவரை மாற்றாது அவ்விடத்திலேயே நிறுத்தினார். அவ்வாண்டின் சிறந்த புதுவீரர் மேய்ஸே. கணக்கு வீழ்ந்தபோதும் ஆற்றல் வீழவில்லை என்பதைக் கண்டறிந்த கண் அது.

இறங்குதலும் சில வேளை ஏற்றத்துக்கு வழியாகும். ரொறன்ரோ புளூ ஜேய்ஸ் வீச்சாளர் றோய் ஹலடே 2000ஆம் ஆண்டில் ஒன்பது இன்னிங்ஸுக்கு 10.64 ஓட்டம் என்னும் விகிதத்தில் அடிபட்டார். அடுத்த ஆண்டு கழகம் அவரைச் சிங்கிள்-ஏ வரையிற் கீழே இறக்கியது. ஆங்கு மெல் குயின் என்னும் பயிற்றுநரிடம் கையை வீசும் கோணத்தையே மாற்றிக் கற்று, அவ்வாண்டு யூலையில் மீண்டார். 2003இலும் 2010இலும் சிறந்த வீச்சாளர்க்குரிய சை யங் விருது அவரை அடைந்தது. இறக்கியோர் இகழ்ந்து கைவிடாது, கற்பிக்கவும் ஆள்வைத்து இறக்கினர் என்பதே ஈண்டு அறியத்தக்கது.

மதிப்பிடுவோர் அடக்கமும் உடையராதல் வேண்டும். மைக் பியாற்சா என்பவர் 1988இல் 62ஆஞ் சுற்றிலே 1,390ஆவது ஆளாகத் தெரியப்பட்டார். 2016இல் புகழ்மண்டபத்திற் சேர்க்கப்பட்டார். இன்னும் பெரிய குருட்டுத்தனம் நிறத்தால் வந்தது. கறுப்பின வீரர்க்கு அவ்வேணியின் அடிப்படியே நெடுங்காலம் மறுக்கப்பட்டது. 1946இல் மொன்றியல் அணியில் வசைகளையுந் தாங்கி, ஆயிரத்துக்கு 349 என லீக்கின் முதலிடம் பெற்று, 1947 ஏப்பிரல் 15ஆந் தேதி மேஜர் லீக்கில் ஜாக்கி றொபின்சன் அடிவைத்தபோதே அத்தடை உடைந்தது. பக்குவத்தை அளக்குமுன், அளக்கப்படும் வரிசையில் நிற்க யாவரையும் விட்டோமா என்று வினவுதல் முறை.

திருவள்ளுவர் ‘தெரிந்து தெளிதல்’ என ஓர் அதிகாரமும், அதனையடுத்துத் ‘தெரிந்து வினையாடல்’ என வேறோர் அதிகாரமும் வகுத்தார். ஒருவன் நல்லன் எனத் தெளிதல் வேறு, இன்ன வினைக்கு இவன் உரியன் என ஆளுதல் வேறு என்பது அவ்விரு தலைப்புகளாலேயே விளங்கும். மாணவர்காள், பெற்ற புள்ளி உங்கள் நேற்றைய கணக்கு. அதை எவ்வாறு பெற்றீர் என்பதே நாளைக்கு உதவும். ஏற்றும் பொறுப்பில் அமர்ந்துள்ள பழைய மாணவர்க்கும் உடனாசிரியர்க்கும் யாம் கூறுவது இதுவே: ஒருவன் பெயரை உயர்த்தவோ நிறுத்தவோ பேனாவை எடுக்கும்போது, அவன் வயதையும் களத்தையும் வென்ற வகையையும் கேளுங்கள். இறுதியில், இம்முடிவு யார் நன்மைக்கு என்பதையுங் கேளுங்கள்.