உங்களுக்குத் தெரியுமா? கொதிக்க வைத்தாலும் போகாத நஞ்சு!

கெட்டுப்போன உணவு நாறும், புளிக்கும் என்று நம்பியிருக்கிறோம். ஆனால், ஆளைப் படுக்கவைக்கும் பல நஞ்சுகளுக்கு வாசனையே கிடையாது. 'நல்லா கொதிக்க வச்சா சரியாயிடும்' என்பதும் எல்லாவற்றுக்கும் செல்லாது.

● சோறு: அரிசியில் இருக்கும் 'பேசில்லஸ் சீரியஸ்' பாக்டீரியாவின் வித்துகள் உலைக் கொதியிலும் சாகாது. வடித்த சோறு மணிக்கணக்கில் வெளியே கிடந்தால் பெருகி நஞ்சை உண்டாக்கும். வாந்தியைக் கொண்டுவரும் அந்த நஞ்சு மறுபடி சூடு பண்ணினாலும் அழியாது. மிஞ்சிய சோற்றைத் தட்டில் பரப்பி ஆறவைத்து, 2 மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள்.

● நிலக்கடலை: 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன. தீவனத்தில் கலந்திருந்த பூஞ்சை பிடித்த கடலைப் பிண்ணாக்குதான் காரணம். 'அஃப்ளடாக்சின்' நஞ்சு அப்படித்தான் வெளிச்சத்துக்கு வந்தது. கல்லீரல் புற்றுநோயை உண்டாக்கும் இது, வறுத்தாலும் முழுதாகப் போகாது. பருப்பைப் பிளந்து பாருங்கள். உள்ளே பச்சையாகவோ கறுப்பாகவோ பூஞ்சை தெரிந்தால் எறியுங்கள். வாயில் கசந்தால் உடனே துப்புங்கள்.

● உருளைக்கிழங்கு: வெளிச்சம் பட்டுப் பச்சையான கிழங்கிலும், அதன் முளையிலும் சோலனைன் என்ற நஞ்சு கூடுதலாகச் சேரும். அவித்தாலும் போகாது. கொஞ்சம் பச்சை என்றால் அந்த இடத்தை ஆழமாகச் சீவுங்கள். கிழங்கே பச்சை என்றால் வேண்டாம்.

● மீன்: சூரை, காணாங்கெளுத்தி போன்ற மீன்கள் ஐஸ் இல்லாமல் கிடந்தால் 'ஹிஸ்டமின்' உருவாகும். குழம்பு எவ்வளவு கொதித்தாலும் அது குறையாது. சாப்பிட்ட சற்று நேரத்தில் முகம் சிவக்கும், உடம்பு அரிக்கும். செவுள் சிவப்பாக இருப்பது மட்டும் போதாது. ஐஸில் புதைந்து கிடக்கும் மீனாகப் பார்த்து வாங்குங்கள்.

● தேன்: பிறந்த குழந்தையின் நாக்கில் தேனைத் தொட்டுச் 'சேனை' வைக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. தேனில் 'பாட்டுலிசம்' என்ற கொடிய நோயை உண்டாக்கும் பாக்டீரியாவின் வித்துகள் இருக்கக்கூடும். ஒரு வயது நிரம்பும்வரை தேன் கூடவே கூடாது.

● டின் உணவு: டப்பா உப்பியிருந்தால் ருசிகூடப் பார்க்காதீர்கள். அப்படியே குப்பைக்குப் போகட்டும்.

● பஞ்சு மிட்டாய்: துணிச் சாயமான 'ரோடமின்-பி' கலந்திருந்ததால் 2024 பிப்ரவரியில் தமிழக அரசு அதற்குத் தடை விதித்தது. கண்ணைப் பறிக்கும் நிற மிட்டாயைக் குழந்தை கேட்டு அடம்பிடித்தாலும் வாங்கித் தராதீர்கள்.

● பாக்கெட்: வாங்குமுன் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணையும் காலாவதித் தேதியையும் பாருங்கள். எண் இல்லாத பாக்கெட் கடையில் தொங்கினால் உணவுப் பாதுகாப்புத் துறையிடம் புகார் சொல்லுங்கள். அடுத்து வாங்கப்போகும் பிள்ளையையும் அது காப்பாற்றும்.