லேப்டாப்பின் பெருமூச்சு

மே மாதத் தில்லி. வெயில் 45 டிகிரியைத் தொடும் நாட்களில் நேரு பிளேஸ் ரிப்பேர் கடைகளுக்கு ஒரு புகார் தவறாமல் வருகிறது: லேப்டாப் விசிறியின் இரைச்சல் தாங்க முடியவில்லை.

அனுபவமுள்ள மெக்கானிக் உடனே ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதில்லை. முதலில் காதைக் கொடுக்கிறார். 'உஸ்' என்று சீராக இரைந்தால் விசிறிக்குக் கோளாறில்லை, வெப்பம்தான் அதிகம். 'டக் டக்' என்றால் இறக்கையில் ஏதோ தட்டுகிறது. 'கர கர' என்றால் பேரிங் தேய்ந்துவிட்டது. மூன்றுக்கும் வைத்தியம் வேறு. இது தெரியாமல் புது விசிறிக்குப் பணம் அழுபவர்கள் உண்டு. அதைவிட மோசம், விசிறியின் வேகத்தைக் குறைக்கும் மென்பொருளைப் போட்டுச் சத்தத்தை மட்டும் அடக்கிவிட்டு நிம்மதியடைவது.

காரணம், விசிறி காற்றைக் குளிர வைப்பதில்லை. அடிப்பக்கத் துவாரங்கள் வழியே அறைக் காற்றை இழுக்கிறது. ப்ராசஸரின் சூட்டைச் செம்புக் குழாய் சுமந்து வந்து மெல்லிய தகடுகளில் சேர்க்க, அவற்றின் இடுக்கு வழியே காற்று புகுந்து சூட்டோடு வெளியேறுகிறது. அவ்வளவுதான். அறையே 40 டிகிரியில் கொதித்தால் விசிறி முழு வேகத்தில் ஓடித்தான் ஆகவேண்டும். ப்ராசஸரின் சூடு 100 டிகிரியை நெருங்கும்போது பல லேப்டாப்கள் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதுவும் போதாவிட்டால் திடீரென்று அணைந்துவிடும். ஆன்லைன் தேர்வு எழுதிக்கொண்டிருக்கும் மாணவனுக்கு அதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

வட இந்தியாவில் கோடையின் கூட்டாளி தூசி. 'ஆந்தி' எனும் புழுதிக் காற்று மூடிய ஜன்னலையும் மதிப்பதில்லை. தூசியும் பஞ்சும் தகடுகளின் உட்புறத்தில் கம்பளித் துண்டு போலப் படிந்து, காற்றின் வழியை அடைத்துவிடுகின்றன. வெளியிலிருந்து ஊதினால் இது முழுதாகப் போகாது. லேப்டாப்பை அணைத்து, அடிமூடியைத் திறந்து, பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, பிரஷ்ஷால் எடுக்க வேண்டும். காற்றடிக்கும்போது இறக்கையை ஒரு பல்குச்சியால் நிறுத்திப் பிடிப்பது முக்கியம். தறிகெட்டுச் சுழன்றால் நல்ல பேரிங்கும் கெட்டுப்போகும். சில ஆண்டுகள் ஓடிய மெஷினில் ப்ராசஸர் மேலுள்ள தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும், அதையும் மாற்றிவிடலாம். வாரண்டி இருந்தால் திறப்பதற்கு முன் அதன் நிபந்தனைகளைப் படித்துவிடுவது நல்லது.

காசு செலவில்லாத வைத்தியமும் உண்டு. 2020இல் அலுவலகம் வீட்டுக்குள் வந்தபோது பலருக்குக் கட்டிலே மேஜையானது. மெத்தையில் புதைந்த லேப்டாப்புக்கு மூச்சு விட வழியில்லை. ஒரு பலகையோ, பின்பக்க ஓரங்களில் இரண்டு புத்தகங்களோ போதும். டாஸ்க் மேனேஜரையும் ஒருமுறை பார்க்கலாம். மறந்துபோன பிரவுசர் பக்கம் ஒன்று ப்ராசஸரைப் பாடாய்ப் படுத்திக்கொண்டிருக்கக்கூடும்.

'கர கர' மட்டும் இதற்கெல்லாம் மசியாது. சமையலறை எண்ணெயை விடும் வீரர்கள் இருக்கிறார்கள். அது தூசியோடு சேர்ந்து கூழாகிவிடும். மெஷின் ஆயில் ஒரு சொட்டு விட்டால் கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கலாம். பிறகு விசிறியை மாற்றுவதுதான் வழி. லேப்டாப்பின் மாடல் பெயரை மட்டும் சொல்லி வாங்கினால் பொருந்தாமல் போகலாம். பழைய விசிறியின் லேபிளில் உள்ள எண்ணைக் காட்டிக் கேட்க வேண்டும். அதே எண் இல்லையென்றால் அடுத்த கடை. நேரு பிளேஸில் கடைக்கா பஞ்சம்?