குடல் அனுப்பும் செய்தி

புலம்பெயர் நாடுகளில் எம்மவர் இருவர் சந்தித்தால், நாட்டு நிலைமைக்கு அடுத்தபடியாக அடிபடும் பேச்சு நீரிழிவாகவே இருக்கின்றது. வெறுவயிற்றில் சோதித்தபோது சீனி இல்லை என்றார்கள், குளுக்கோசுக் கரைசலைக் குடிக்கத் தந்து சோதித்தபோது உண்டு என்கிறார்கள், எதை நம்புவது என்று வாசகர்கள் சிலர் எம்மிடம் கேட்டுள்ளனர். இரண்டையுமே நம்பலாம்.

75 கிராம் குளுக்கோசைக் குடித்து இரண்டு மணித்தியாலத்தின் பின் குருதியில் லீற்றருக்கு 7.8 மில்லிமோலுக்குக் குறைவாக இருந்தால் நலம். 11.1 அல்லது அதற்கு மேல் என்றால் நீரிழிவு. இடைப்பட்டது, குளுக்கோசைத் தாங்கும் ஆற்றல் குன்றிய நிலை. வெறுவயிற்றுச் சோதனைக்கு இந்நிலை பல வேளைகளில் அகப்படுவதில்லை.

உணவுக்குப் பின் சீனியைக் கட்டுப்படுத்துவது சதையி சுரக்கும் இன்சுலின் என்பதை யாவரும் அறிவர். ஆனால் சதையி தனித்து இயங்குவதில்லை. சிறுகுடலுக்குள் செலுத்திய குளுக்கோசு, நாளத்தில் ஏற்றிய குளுக்கோசைவிட அதிக இன்சுலினைச் சுரக்க வைப்பதை 1964இல் இலண்டன் ஆய்வாளர் கண்டனர். உணவு வந்துவிட்டது என்று குடலே சதையிக்குச் செய்தி அனுப்புகின்றது! அச்செய்தியைச் சுமக்கும் ஓமோன்களுக்கு இன்கிரெற்றின் என்று பெயர். பெல்ஜிய நாட்டவரான லபார் 1932இலேயே சூட்டிய பெயர் அது. சிறுகுடலின் மேற்பகுதியில் பெருமளவில் சுரப்பது ஜிஐபி, கீழ்ப்பகுதியில் சுரப்பது ஜிஎல்பி-1. நலமுள்ள ஒருவரில் குளுக்கோசைக் குடித்த பின் சுரக்கும் இன்சுலினில் பாதிக்கு மேற்பட்ட பங்கு இவற்றின் தூண்டுதலாலேயே வருகின்றது.

இரண்டாம் வகை நீரிழிவாளரில் இப்பங்கு வெகுவாகக் குறைந்துவிடுவதை 1986இல் ஜேர்மனியில் மைக்கேல் நௌக் குழுவினர் காட்டினர். தாங்கும் ஆற்றல் குன்றத் தொடங்கும் கட்டத்திலேயே இத்தளர்ச்சி ஆரம்பிப்பதைப் பின்வந்த ஆய்வுகள் கூறுகின்றன. குடல் செய்தி அனுப்பத் தவறுகின்றதா? பெரும்பாலும் இல்லை. ஜிஐபி ஏறக்குறைய வழமைபோலவே சுரக்கின்றது. கேட்கவேண்டிய சதையிக்குத்தான் காது மந்தமாகிவிடுகின்றது. 1993இல் அதே நௌக் குழுவினர் வேறொன்றையும் கண்டனர்: நோயாளருக்கு ஜிஐபியை ஊசிவழி ஏற்றியும் பெரும் பயனில்லை, ஜிஎல்பி-1ஐ ஏற்றியபோதோ சதையி விழித்துக்கொண்டது.

ஆனால் ஜிஎல்பி-1 குருதியில் இரண்டொரு நிமிடங்களில் சிதைந்துபோகும். அதைப் போலவே செயற்பட்டு, எளிதில் சிதையாத பொருளொன்று அமெரிக்கப் பாலைநிலத்தில் வாழும் கீலா என்னும் நச்சுப் பல்லியின் உமிழ்நீரில் அகப்பட்டது. அதன் வழிவந்த எக்செனரைட் 2005இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இன்று எடைகுறைப்புக்கென்று பெரிதாகப் பேசப்படும் ஊசிகளும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவையே. சீனி கூடியிருக்கும்போதே இவை இன்சுலினைத் தூண்டுவதால், தனித்துப் பாவிக்கும்போது சீனி மட்டுமீறி இறங்கும் ஆபத்துக் குறைவு. குமட்டலும் வாந்தியும் பலருக்கு வருவதுண்டு.

ஊசி வேண்டாதோருக்கும் ஒரு வழி உண்டு. மரக்கறியையும் மீனையும் முதலில் உண்டு, சோற்றைப் பின்னர் உண்டால் ஜிஎல்பி-1 கூடுதலாகச் சுரப்பதும், வயிறு மெல்ல வெறுமையாவதும், சீனி ஏறும் வேகம் தணிவதும் ஆய்வுகளில் தெரியவந்துள்ளன. சோற்றைக் குவித்து நடுவே குழி பறித்துக் குழம்பு ஊற்றிப் பழகிய எமக்கு இது சற்றுக் கடினமே.