சர்வர் ஏன் 'ரீபூட்' கேட்கிறது?

'பிளேடு' என்றதும் நம் கல்லூரி நண்பர்களுக்கு முகச்சவரமோ, மதியச் சாப்பாட்டிற்குப் பிந்திய சில வகுப்புகளோ நினைவுக்கு வரலாம். (பேராசிரியப் பெருமக்கள் பொறுத்தருள்க!) நான் எழுத வந்தது டேட்டா சென்டர்களில் உள்ள பிளேடு சர்வர்களைப் பற்றி.

சிஸ்கோ நிறுவனம் 2009-இல் அறிமுகப்படுத்திய யு.சி.எஸ். என்னும் அமைப்பை எடுத்துக்கொள்வோம். அதன் 5108 என்னும் பெட்டி பத்தரை அங்குல உயரம்தான். அதனுள் எட்டு பிளேடுகளை மேசை இழுப்பறைகளைப் போலச் செருகலாம். மின்சாரமும் மின்விசிறிகளும் எட்டுக்கும் பொது. ஆனால் ஒவ்வொரு பிளேடும் தனித்தனி கம்ப்யூட்டர்.

கோடை விடுமுறையில் ஒரு மாதம் இத்தகைய ஓரிடத்தில் பயிற்சி பெற்றேன். ஒரு நாள் காலை எட்டு பிளேடுகளுமே 'ரீபூட்டுக்குக் காத்திருக்கிறது' என்று காட்டின. சர்வர்களை யாரும் தொடவில்லை என்றார்கள். ஒப்புதல் பட்டனை அழுத்தினால் செய்தி மறைந்துவிடும். ஆனால் அந்த எட்டிலும் ஓடிக்கொண்டிருந்தது ஒரு மருத்துவமனையின் நோயாளிப் பதிவேடு. கம்ப்யூட்டர் நின்றால் சீட்டு தரும் ஜன்னல் மூடப்படும். அதன் முன் வரிசையில் நிற்பவர்கள், விடியற்காலை பஸ் பிடித்து வரும் என் அம்மாவைப் போன்றவர்கள்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ரீபூட் கேட்பது யார் என்பது. விண்டோஸும் கேட்கும்; பயன்பாட்டில் இருக்கும் ஃபைலை மாற்ற முடியாமல், அடுத்த தொடக்கத்தில் மாற்றிக்கொள்ளக் குறித்து வைத்திருக்கும். இங்கே கேட்டது அதுவல்ல. பிளேடுகளை எல்லாம் மேலிருந்து நிர்வகிக்கும் யு.சி.எஸ். மேனேஜர்.

இதைப் புரிந்துகொள்ள எங்கள் வீட்டுத் தறி எனக்கு உதவியது. தறி வெறும் மரம். எந்தப் புட்டா விழ வேண்டும் என்று சொல்வது ஜக்கார்டு பெட்டியில் தொங்கும் அட்டை. பிளேடுக்கு அத்தகைய அட்டைதான் 'சர்வீஸ் புரொஃபைல்'. நெட்வொர்க் முகவரிகள், பயாஸ் அமைப்பு, எந்த ஃபர்ம்வேர், எதிலிருந்து தொடங்குவது எல்லாம் அதில் அடக்கம். ஓடும் தறியில் அட்டையை மாற்ற இயலாதது போலவே, இவற்றுள் பலவற்றை ஓடும் சர்வரில் மாற்ற இயலாது.

சிக்கல் எங்கே என்றால், புரொஃபைல்களைப் பெரும்பாலும் ஒரு டெம்ப்ளேட்டிலிருந்து உண்டாக்குகிறார்கள். 'அப்டேட்டிங்' வகை டெம்ப்ளேட்டில் ஒன்றைத் திருத்தினால் அதனோடு பிணைந்த எல்லா சர்வர்களுக்கும் அது போய்ச் சேரும். 'இனிஷியல்' வகை அப்படியன்று, நகல் எடுப்பதோடு உறவு முடிந்தது. ஆனால் அதிலும் நிம்மதி இல்லை! ஃபர்ம்வேர் பாலிசி போன்றவற்றைப் பல புரொஃபைல்கள் பெயரால் பகிர்ந்துகொள்கின்றன. பாலிசியைத் திருத்தினால் அத்தனை பேருக்கும் திருத்தம்.

நடந்ததும் அதுவே. ஆடிட் லாகில் யார், எப்போது, எதை மாற்றினார் என்பது பதிவாகியிருந்தது. முந்திய இரவு ஷிப்டில் ஒருவர், தாம் புதிதாக நிறுவிய சர்வருக்காக ஃபர்ம்வேர் பாலிசியில் பதிப்பை மாற்றியிருந்தார். அதே பாலிசியைத்தான் இந்த எட்டும் பயன்படுத்தின.

அவை உடனே விழாமல் காத்தது 'மெயின்டெனன்ஸ் பாலிசி'. அது 'இமீடியட்' என்றிருந்தால் எட்டும் ஒன்றாக ரீபூட் ஆகியிருக்கும். 'யூசர் அக்' என்றிருந்ததால் மனிதரின் ஒப்புதலுக்காகக் காத்திருந்தன. எட்டும் ஒரே நேரத்தில் காத்திருப்பதே பொதுவான ஏதோ ஒன்று மாறியிருக்கிறது என்பதற்கு நல்ல தடயம்.

மாற்றியதைத் திரும்ப மாற்றினால் போதாதா? எளிய திருத்தங்களில் பெரும்பாலும் போதும். ஆனால் வி-நிக் என்னும் நெட்வொர்க் இணைப்பை நீக்கிவிட்டு மீண்டும் அதையே சேர்த்தால் பழைய ரீபூட் ரத்தாகாது. இரண்டாவது ரீபூட் ஒன்று கூடுதலாக வரிசையில் சேரும்.

புதிய ஃபர்ம்வேர் எப்படியும் தேவை என்று மூத்த பொறியாளர்கள் முடிவு செய்தனர். ஒரு பிளேடில் ஓடிய மெய்நிகர் கணினிகளை நிறுத்தாமலே மற்ற ஏழுக்கும் பகிர்ந்து நகர்த்தினர். காலியானதற்கு மட்டும் ஒப்புதல் தந்து, அது எழுந்து நலமாக இருப்பதைப் பார்த்த பிறகே அடுத்ததைத் தொட்டனர். ஜன்னல் மூடப்படவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'யூசர் அக்' உடன் 'ஆன் நெக்ஸ்ட் பூட்' என்ற விருப்பமும் தேர்வாகியிருந்தால், வேறெந்தக் காரணத்திற்காக சர்வரை ரீபூட் செய்தாலும் காத்திருக்கும் மாற்றம் அப்போதே நிறைவேறிவிடும். ஆகவே காத்திருக்கும் பட்டியலைப் பார்க்காமல் விண்டோஸுக்காகக்கூட அந்த சர்வரை ரீபூட் செய்யக் கூடாது.