முழங்கும் அறையை அடக்கும் வழி

புது ஸ்பீக்கர் வாங்கியவர்கள் பலர் சொல்லும் குறை ஒன்று உண்டு. கடையில் தெளிவாகக் கேட்ட பாஸ், வீட்டுக்கு வந்ததும் ‘கும்’மென்று முழங்குகிறது என்பார்கள். பழி ஸ்பீக்கர்மேல் விழும். அடுத்த மாடலுக்கு விலை விசாரிக்கத் தொடங்கிவிடுவார்கள். பெரும்பாலும் அது வீண் செலவு. ஏறக்குறைய 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே நம் காதுக்கு வந்து சேரும் ஒலியில் ஸ்பீக்கருக்குச் சமமாக அறைக்கும் பங்கு இருக்கிறது. அறை ஊதிப் பெருக்கிய ஒலியை அடக்க, செலவும் இடமும் அதிகம் கேட்காத வழி ஈக்வலைசர். அதை ஏற்றுவதற்கு அல்லாமல் இறக்குவதற்கே பயன்படுத்தினால்தான் அந்தப் பலன் கிடைக்கும்.

ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 345 மீட்டர் செல்கிறது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே ஓர் அலையின் சரிபாதி நீளம் பொருந்திவிட்டால், பட்டுத் திரும்பும் அலையும் புதிதாக வரும் அலையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வலுக்கும். இதுதான் ஒத்ததிர்வு. 12 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரமுள்ள அறையை எடுத்துக்கொள்வோம். நீளவாக்கில் முதல் ஒத்ததிர்வு 47 ஹெர்ட்ஸ் அளவில் வரும், அகலவாக்கில் 57. உயரமும் 10 அடியே என்பதால் அந்த 57 ஹெர்ட்ஸில் இரண்டு ஒத்ததிர்வுகள் சேர்ந்துவிடுகின்றன. பாஸ் கிட்டாரில் ஏ தந்தியை விரல் வைக்காமல் மீட்டினால் 55 ஹெர்ட்ஸ், அடுத்துள்ள டி தந்தி 73 ஹெர்ட்ஸ். கலைஞர் இரண்டையும் ஒரே அழுத்தத்தில் வாசித்திருந்தாலும், இந்த அறையில் முன்னது பின்னதைவிட வீங்கி இழுபடலாம். மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அடித்த சுவர் தாழ்ந்த ஒலியில் ஒரு பகுதியை விழுங்கிவிடும். செங்கல் சுவரும் கான்கிரீட் தளமும் அதைப் பெரும்பாலும் அப்படியே திருப்பி அனுப்புவதால், நம் ஊர் வீடுகளில் இந்தத் தொல்லை கூடுதல்.

இங்கே உதவுவது பாராமெட்ரிக் ஈக்வலைசர். எந்த அதிர்வெண், எத்தனை டெசிபல், எவ்வளவு அகலம் என்ற மூன்றையும் அதில் தனித்தனியே குறிக்கலாம். பத்துக் குமிழ்கள் கொண்ட பழைய கிராஃபிக் ஈக்வலைசரில் 63 ஹெர்ட்ஸ் குமிழை இறக்கினால் அக்கம்பக்கத்துச் சுரங்களும் சேர்ந்து இறங்கிவிடும். ‘ரூம் ஈக்யூ விஸார்ட்’ என்ற இலவச மென்பொருளும் அளவிடும் மைக் ஒன்றும் இருந்தால், உட்காரும் இடத்தில் எந்த மேடு எங்கே நிற்கிறது என்பது வரைபடமாகத் தெரியும். 57 ஹெர்ட்ஸில் 9 டெசிபல் மேடு இருந்தால் அதே இடத்தில், அதே அகலத்தில் வெட்ட வேண்டும். தாழ்ந்த ஒலியில் ஒத்ததிர்வின் உரப்பும் இழுவையும் ஒரே இயல்பின் இரு விளைவுகள். வெட்டு சரியாகப் பொருந்தினால், உட்காரும் இடத்தில் உரப்பு குறைவதோடு சுரம் சட்டென்று அடங்கவும் செய்யும்.

வரைபடத்தில் பள்ளங்களும் தெரியும். அவற்றை நிரப்பக் கை துறுதுறுக்கும். அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் இடத்தில் ஒலியை ஏற்றுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவது போலத்தான். ஏற்றிய ஒலியும் அங்கேயே அழியும். 10 டெசிபல் ஏற்ற ஆம்ப்ளிஃபயர் பத்து மடங்கு ஆற்றல் தர வேண்டும், ஸ்பீக்கர் திணறும். பள்ளத்துக்கு மருந்து நாற்காலியை ஓரிரு அடி தள்ளிப் போடுவதுதான். அறையின் நட்டநடுவில் உட்கார்ந்தால் முதல் ஒத்ததிர்வு ஏறக்குறைய கேட்காமலே போகும் என்பதை நினைவில் வைத்தால் போதும்.

ஒலித் தூய்மையை வலியுறுத்துபவர்கள், சிக்னலில் கை வைத்தாலே அலையின் கட்டம் (ஃபேஸ்) குலையும் என்பார்கள். கட்டத்தை முதலில் குலைத்தது அறையின் ஒத்ததிர்வு. பொருத்தமான வெட்டு அந்தக் குலைவையும் சேர்த்தே நேராக்குகிறது. ஈக்வலைசருக்குப் பதில் சுவரில் ஃபோம் ஒட்டலாமே என்பது அடுத்த வாதம். 57 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஆறு மீட்டர். இரண்டு அங்குல ஃபோம் அதை ஒன்றும் செய்யாது. ஒரு நாற்காலிக்குச் செய்த திருத்தம் பக்கத்து நாற்காலிக்குப் பொருந்தாது என்ற குறையில் மட்டும் நியாயம் இருக்கிறது. நான்கைந்து இடங்களில் அளந்து, எல்லாவற்றிலும் தலைகாட்டும் மேட்டை மட்டும் வெட்டினால் அதுவும் பெருமளவு தீரும். 200 ஹெர்ட்ஸுக்கு மேலே நிலைமை வேறு. அங்கே காது, நேரே வரும் ஒலியைச் சுவரில் பட்டு வருவதிலிருந்து பிரித்தறியும். மைக் இரண்டையும் கலந்து காட்டும். அந்த வரைபடக் கோட்டை நேராக்கப் போனால் நல்ல ஸ்பீக்கரும் கெட்டுவிடும்.

ஆகவே முதலில் ஸ்பீக்கரையும் நாற்காலியையும் நகர்த்திப் பாருங்கள். பிறகு அளந்து, இரண்டு மூன்று மேடுகளை மட்டும் வெட்டுங்கள். அதன் பிறகும் குறை இருந்தால் புது ஸ்பீக்கரைப் பற்றி யோசிக்கலாம்.