கால் இல்லாத ஓட்டம்

இங்கிலாந்தில் 2007 செப்டம்பரில் நார்தர்ன் ராக் வங்கிக் கிளைகளின் வாசலில் நீண்ட வரிசை. வங்கி முழுகிவிடுமோ என்ற பயத்தில், போட்ட பணத்தை எடுக்க வந்தவர்கள் அவர்கள். யாரும் ஓடவில்லை, மணிக்கணக்கில் நின்றார்கள். பத்திரிகைகளோ அதை 'பேங்க் ரன்' என்றே எழுதின.

ஆங்கிலத்தில் மூன்றே எழுத்துள்ள இந்த 'ரன்'னுக்கு, வினைச்சொல்லாக மட்டுமே 645 பொருள் இருப்பதாக ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதிக்காரர்கள் கணக்குச் சொல்கிறார்கள். இந்த ஒரு சொல்லைப் புதிதாக எழுத, அகராதி ஆசிரியர் பீட்டர் கில்லிவருக்கு ஒன்பது மாதம் பிடித்தது. 1989-இல் வந்த இரண்டாம் பதிப்பில் முதலிடம் 'செட்' என்ற சொல்லிடம் இருந்தது. அதற்கான விளக்கமே சுமார் 60,000 வார்த்தைகள்!

'ரன்'னின் பொருள்களில் காலுக்கு வேலை வைப்பவை கொஞ்சம்தான். மூக்கு ஒழுகினால் ரன். சிவப்புத் துணி சாயம் விட்டாலும் ரன். நைலான் காலுறையில் இழை பிரிந்து கோடாக நீண்டால், அமெரிக்கப் பெண்களுக்கு அது ரன். பிரிட்டனிலோ 'லேடர்', அதாவது ஏணி. கோழிகளுக்குக் கம்பிவலை போட்டு அடைத்த இடமும் ரன்தான், அதில் ஓட இடமே இல்லாவிட்டாலும். தேர்தல் வந்தால் அமெரிக்க வேட்பாளர் ஓடுகிறார், பிரிட்டிஷ் வேட்பாளர் நிற்கிறார். இந்த விஷயத்தில் நாம் பிரிட்டன் கட்சி.

சொல் இப்படிப் பெருத்ததற்குக் காரணம் இயந்திரங்கள் என்கிறார் எழுத்தாளர் சைமன் வின்செஸ்டர். தொழிற்புரட்சியோடு என்ஜின், ரயில், ஆலை என்று எல்லாமே ஓடத் தொடங்கின. பின்னால் கம்ப்யூட்டர் புரோகிராமும் சேர்ந்துகொண்டது. ஏற்கத்தக்க விளக்கம்தான். தமிழிலும் கடிகாரம் ஓடுகிறது, படம் ஓடுகிறது, கடைகூட ஓடுகிறது. ஆனால் கடை முதலாளி அதை ஓட்டுவதில்லை, நடத்துகிறார். ஆங்கிலத்தில் அவருக்கும் 'ரன்'தான்.

நாடக உலகில் ஒரு நாடகம் தொடர்ந்து மேடையேறும் காலத்துக்கு இந்தப் பெயர். அகதா கிறிஸ்டியின் 'தி மவுஸ்டிராப்' லண்டனில் 1952-இல் தொடங்கியது. கொரோனா வந்த 2020 மார்ச் வரை அதை எதுவும் நிறுத்தவில்லை. அடுத்த ஆண்டு மே மாதம் மீண்டும் திரை தூக்கினார்கள்.

நமக்குப் பழகிய ரன், கிரிக்கெட் ரன். தமிழ்நாட்டு நாளிதழ்கள் 'ரன்' என்றே அச்சிடுகின்றன. இலங்கைத் தமிழ் நாளிதழ்களில் அது 'ஓட்டம்'. பந்து தரையோடு போய் எல்லைக்கோட்டைத் தொட்டுவிட்டால், பேட்ஸ்மேன் ஓர் அடிகூட எடுத்து வைக்காமலே அங்கே நான்கு ஓட்டங்கள்.