உறைகாப்புப் பொருள்களும் கருமுட்டையும்

உறைகாப்புப் பொருள் என்பது உயிர்ச்செல்களை உறையவைக்கும்போது அவற்றுள் பனிப்படிகம் உருவாகாமல் தடுக்கும் வேதிப்பொருள் ஆகும். எத்திலீன் கிளைக்கால், டைமெத்தில் சல்பாக்சைடு, கிளிசரால் ஆகியவை செல்லுக்குள் நுழைபவை. சுக்ரோசு வெளியே இருந்தபடி செல்லிலுள்ள நீரை வெளியேற்றுவது. பனியிலிருந்து காக்கும் இப்பொருள்களே அளவும் நேரமும் மிகுந்தால் கருமுட்டைக்கு நஞ்சாகின்றன.

விந்தணுவும் கருமுட்டையும்

தேனி, கம்பம் பள்ளத்தாக்கில் மாடு வளர்ப்போர் அறிந்த 'சினை ஊசி', கிளிசரால் சேர்த்து மைனஸ் 196 பாகை செல்சியசு வெப்பநிலையில் திரவ நைட்ரசனில் உறையவைத்த காளை விந்து ஆகும். ஒரு குழலில் இலட்சக்கணக்கான விந்தணுக்கள் இருப்பதால், பாதி அழிந்தாலும் சினை பிடிக்கும். கருமுட்டைக்கு அந்த வாய்ப்பில்லை. ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் விட்டமுள்ள, நீர் நிறைந்த பெரிய செல் அது. நீர் வெளியேறவும் காப்புப் பொருள் உட்புகவும் நேரமாகும்.

விளைவுகள்

1. சுருக்கமும் வீக்கமும்: கரைசலில் இட்டதும் முட்டை சுருங்கி, காப்புப் பொருள் உட்புகப் புக மீண்டும் பருக்கும். உருக்கியபின் நேரடியாகச் சாதாரணக் கரைசலில் இட்டால், நீர் விரைந்து புகுந்து முட்டை வெடிக்கக்கூடும்.
2. கதிர்கோல் சிதைவு: குளிர்ச்சியாலும் செறிவு மிகுந்த காப்புப் பொருளாலும் நிறப்புரிகளைத் தாங்கும் இழைகள் குலையலாம்.
3. உறை இறுகுதல்: காப்புப் பொருள் முட்டைக்குள் கால்சியம் அளவை உயர்த்துவதால், விந்தணு நுழைந்துவிட்டது போல முட்டையின் வெளியுறை முன்கூட்டியே இறுகுகிறது. பிறகு விந்தணுவால் உள்ளே நுழைய முடிவதில்லை. எனவே உருக்கிய முட்டைக்குள் ஒற்றை விந்தணுவை நுண்ணூசியால் செலுத்தும் 'இக்சி' முறை கையாளப்படுகிறது.

செய்முறை

கண்ணாடிநிலை உறைவித்தல் முறையில், எத்திலீன் கிளைக்கால், டைமெத்தில் சல்பாக்சைடு ஒவ்வொன்றும் 7.5 விழுக்காடு உள்ள கரைசலில் முட்டை 10 முதல் 15 நிமிடம் வைக்கப்படும். பின்னர் தலா 15 விழுக்காடும் சுக்ரோசும் சேர்ந்த கரைசலில் ஏறத்தாழ ஒரு நிமிடம் மட்டும் வைத்து, திரவ நைட்ரசனில் அமிழ்த்தப்படும். உருக்கும்போது சுக்ரோசின் செறிவு படிப்படியாகக் குறைக்கப்படும்.

வரலாறு

கொல்கத்தாவில் மருத்துவர் சுபாசு முகர்ச்சி, டைமெத்தில் சல்பாக்சைடு கொண்டு உறையவைத்த கருவை 53 நாள்களுக்குப் பின் தாயின் கருப்பையில் செலுத்தியதாகத் தெரிவித்தார். 1978 அக்டோபர் 3 அன்று குழந்தை பிறந்தது. அன்று ஏற்கப்படாத அவரது பணி, 1981இல் அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பின்னரே அங்கீகாரம் பெற்றது. அவர் உறையவைத்தது கருவை. கருவுறாத முட்டையை உறையவைத்துப் பெற்ற முதல் கருத்தரிப்பை 1986இல் ஆசுதிரேலியாவின் அடிலெய்டில் கிறித்தோபர் சென் வெளியிட்டார்.

புற்றுநோய் மருந்துகளும் கதிர்வீச்சும் சினைப்பையைப் பாதிக்கக்கூடும். அச்சிகிச்சைக்கு முன் சேமிக்கும் சில முட்டைகளே ஒரு பெண் தன் முட்டையால் தாயாகும் கடைசி வாய்ப்பாக இருக்கலாம். அங்கே அந்த ஒரு நிமிடக் கணக்கு தவறினால் ஈடு செய்ய வேறு முட்டை இருக்காது.